பின்னுயர்ந்த மண்

ஜப்பானின் நிகாதாவில் பிறந்த தகாஷி அமானோ (1954–2015) அமைத்த நீர்ச்செடித் தொட்டிகளில் பாறைகளும் வேர்க்கட்டைகளும் பெற்ற புகழை, அவற்றைத் தாங்கி நிற்கும் மண்ணின் சரிவு இன்றுவரை பெறவில்லை. ஆயினும் முன்கண்ணாடியருகே இரண்டு மூன்று சென்டிமீட்டரில் தொடங்கி, பின்சுவரை நெருங்கும்போது பத்தை எட்டிவிடும் அந்தச் சரிவுதான் அவருடைய கலையின் உயிர்நிலை. நீர் ஒளியை வளைப்பதால், நேரெதிரே நின்று பார்ப்பவருக்குத் தொட்டியின் உள்ளாழம் ஏறக்குறையக் கால் பங்கு குறைந்தே தெரியும். முன்பின்னாக 30 சென்டிமீட்டர் உள்ள தொட்டி 22 அல்லது 23 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். சமமாகப் பரப்பிய மண் கண்மட்டத்தில் வெறும் பட்டையாக ஒடுங்கிவிட, பின்னோக்கி ஏறும் மண்ணோ தன் மேற்பரப்பு முழுவதையும் விரித்துக்காட்டி, நீர் பறித்துக்கொண்ட ஆழத்தை மீட்டுத் தருகிறது. குளோசோஸ்டிக்மா என்னும் தரைபடரும் செடியை அமானோ புல்வெளியாக வளர்த்தபோது, அது வெளியாகத் தோன்றியதற்குச் செடியைவிட அதன் கீழிருந்த ஏற்றமே காரணம்.

சைக்கிள் பந்தய வீரராக இருந்த அமானோ, 1982-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கிய பின்னர், மண்ணின் வகையிலும் புதுவழி வகுத்தார். அந்நிறுவனத்தின் 'அக்வா சாயில் அமேசானியா' என்பது கரிய இயற்கை மண்ணை உருண்டைக் குருணைகளாக்கிச் சுட்டு எடுத்தது. அதிலுள்ள களிமண் துகள்கள் அம்மோனியம், பொட்டாசியம் போன்ற ஊட்டங்களைப் பற்றிவைத்து வேருக்கு விட்டுக்கொடுக்கும் தன்மையுடையவை. நீரின் கார்பனேட் கடினத்தன்மையை, அதாவது அமிலத்தை எதிர்த்து நிற்கும் உப்புகளின் அளவை, அவை குறைக்கவும் செய்யும். புதிதாக இட்ட முதல் சில வாரங்களில் இம்மண் அம்மோனியாவைக் கசியவிடும் என்பதால், நீரை அடிக்கடி மாற்றிக்கொண்டும் மீன்களை விடாமலும் பொறுத்திருக்க வேண்டும். குருணைகளின் அடியில் நுரைக்கல் அடுக்கு ஒன்றை இடுவதும் அவரது முறை. முன்கண்ணாடியருகே அந்த அடுக்கு எட்டிப்பார்க்காதபடி சற்று உள்ளே நிறுத்தியே பரப்புவது, ஒளிந்திருக்க வேண்டியதை ஒளித்துவைக்கும் கட்டுப்பாட்டுக்குச் சான்று.

அளவைப் பொறுத்தவரை, நீளத்தையும் அகலத்தையும் சராசரி உயரத்தையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60க்கு 30 அளவுள்ள தொட்டியில் முன்புறம் 3, பின்புறம் 7 என்று சரிவு வைத்தால் சராசரி 5. ஆக, ஒன்பது லிட்டர் தேவை. ஆனால் கடைகளில் பலவும் கிலோவில் விற்கப்படுகின்றன. மணல் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை கொண்டது, சுட்ட மண்ணோ அதைவிட மிக இலேசானது. ஒரே எடையில் வாங்கியவை தொட்டிக்குள் ஒரே உயரத்துக்கு வருவதில்லை. இந்த எளிய கணக்கை வாங்குபவருக்குச் சொல்லித்தரும் பழக்கம் அருகிவிட்டது. சாயம் பூசிய நீலச் சரளைகளை விரலளவுக்குப் பரப்பிவிட்டு, அதில் செடி வேர்பிடிக்கவில்லை என்று வருந்துவோர் பெருகியிருப்பது அதன் விளைவு.

மணலை விரும்புவோரின் கட்சியில் நியாயம் உண்டு. தாடையருகே மீசை இழைகளால் தரையைத் துழாவும் கோரிடோரஸ் மீனுக்கும், வாய்நிறைய மணலை அள்ளிச் செவுள்வழி உதிர்க்கும் ஜியோஃபேகஸ் மீனுக்கும் கூரற்ற நுண்மணலே உரியது. அதையும் மூன்று சென்டிமீட்டருக்குமேல் குவித்தால் இறுகிப்போய், பிராணவாயு எட்டாத அடிப்பகுதியில் கந்தக நாற்றமுள்ள வாயு தோன்ற இடமாகும். ஆற்றுமணலோ சரளையோ எதுவானாலும், வினிகர் விட்டுப் பார்க்கையில் நுரைத்தால் அதில் சுண்ணாம்புச் சத்து உண்டென்று பொருள். மென்னீர் மீன்களின் தொட்டிக்கு அது ஆகாது. டச்சு முறைக்காரர்கள் செடிகளைத் தெருவரிசையாக அடர்த்தியாய் நட்டு மண்ணையே மறைத்துவிடுகிறார்கள். அது உயர்ந்த தோட்டக்கலையே, ஆனால் தரையின் அழகை நாடும் ரசனைக்கு அங்கே இடமில்லை.

கவலை தருவது வேறொன்று. அமானோவின் நிறுவனம் 2001-இல் தொடங்கிய உலகப் போட்டியின் பிற்கால வரவுகளில், மலைத்தொடர்களையும் காடுகளையும் சிற்றுருவில் காட்டும் ஆசை முற்றி, பிளாஸ்டிக் தடுப்புகளும் பசையும் தாங்கி நிற்க, பாதித் தொட்டி உயரத்துக்கு மண் குவிக்கப்படுகிறது. அத்தகைய குவியல் ஒரு புகைப்படத்துக்கு நிற்கும், ஓராண்டு வாழ்க்கைக்கு நிற்காது. அமானோவின் சரிவைத் தாங்கி நிறுத்தியவை கல்லும் கட்டையும் வேருமே. 2015-இல் லிஸ்பன் கடற்காட்சியகத்தில் திறக்கப்பட்ட அவரது கடைசிப் பேரமைப்பு 40 மீட்டர் நீளமும் 1,60,000 லிட்டர் நீரும் கொண்டது. அசோர்ஸ் தீவுகளின் எரிமலைப் பாறைகளுக்கு இடையே வெளிர்மணல் திட்டுகள் தாழ்ந்து கிடக்க, ஏற்றங்கள் பாறைகளைப் பற்றியே எழுகின்றன.

எந்தச் சரிவும் காலப்போக்கில் முன்னோக்கி இறங்கும், சுட்ட குருணைகளும் ஓரிரு ஆண்டுகளில் நொய்ந்து தூளாகத் தொடங்கும். ஆகவே தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே வாங்கி, பருத்த குருணைகளைப் பின்புற அடியிலும் நுண்குருணைகளை மேலாகவும் இட்டு, ஆண்டுக்கொரு முறை பின்மூலையில் புதுமண் சேர்த்துவருவதே சரிவைக் காக்கும் வழி.