நோய்ப்பட்டியலில் பாலீர்ப்பும் பாலின அடையாளமும்: ஒரு விமர்சன நோக்கு

பாலீர்ப்பு என்பது ஒருவர் யார்மீது மனத்தாலும் உடலாலும் ஈர்க்கப்படுகிறார் என்பதைக் குறிக்கும். பாலின அடையாளம் என்பது ஒருவர் தம்மை ஆணாகவோ, பெண்ணாகவோ, இவ்விரண்டிலும் அடங்காதவராகவோ உணர்வதைக் குறிக்கும். இவை இரண்டும் வெவ்வேறானவை. ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய மருத்துவம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, இயல்பு பிறழ்ந்த நிலைகள் என்று வகைப்படுத்தியது. அந்த வகைப்பாடு எப்படி உருவானது, எந்தச் சான்றின்மீது நின்றது, எப்படித் தளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வகைப்பாடு என்பது அறிவியலின் அடிப்படைப் பணி. தாவரங்களையும் தனிமங்களையும் வகைப்படுத்துவதால் அவற்றுக்கு எந்தக் கேடும் நேர்வதில்லை. மனிதரை வகைப்படுத்தும்போது நிலை வேறு. ஒரு மனிதருக்கு 'நோயாளி' என்ற பெயர் சூட்டப்பட்டால் அவருடைய வேலை, குடும்பம், உரிமை அனைத்தும் அந்தப் பெயரால் பாதிக்கப்படும். ஆகவே அப்பெயருக்கு வேண்டிய சான்று மிக வலுவானதாக இருக்க வேண்டும். இத்துறையின் வரலாற்றில் பெயர் முதலில் வந்தது. சான்று பின்னர்தான் தேடப்பட்டது.

குற்றத்திலிருந்து நோய்க்கு

ஐரோப்பாவில் தன்பாலுறவு நெடுங்காலம் பாவமாகவும் குற்றமாகவும் கருதப்பட்டது. இங்கிலாந்தில் இதற்கான மரண தண்டனை 1861இல்தான் நீக்கப்பட்டது. ஜெர்மானியப் பேரரசின் குற்றவியல் சட்டம் 1871இல் 175ஆம் பிரிவின் கீழ் ஆண்களிடையிலான உறவைத் தண்டனைக்குரியதாக்கியது. 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல்லை 1869இல் முதன்முதலாக அச்சில் பயன்படுத்தியவர் கார்ல் மரியா கெர்ட்பெனி என்ற எழுத்தாளர். அவர் மருத்துவர் அல்லர். இத்தகைய சட்டத்தை எதிர்த்து எழுதிய துண்டுப் பிரசுரத்தில்தான் அச்சொல்லை அவர் பயன்படுத்தினார். விடுதலை வேண்டிப் பிறந்த சொல் விரைவிலேயே நோயின் பெயராக மாறியது.

ஆஸ்திரியாவில் பணியாற்றிய உளமருத்துவர் ரிச்சர்ட் வான் கிராஃப்ட்-எபிங் 1886இல் 'சைக்கோபதியா செக்சுவாலிஸ்' என்ற நூலை வெளியிட்டார். தன்பாலீர்ப்பைப் பரம்பரைச் சீர்கேட்டின் விளைவாக அந்நூல் விளக்கியது. இதை வெறும் கொடுமை என்று ஒதுக்கிவிட முடியாது. குற்றவாளி எனச் சிறையில் அடைப்பதைவிட நோயாளி எனக் கருதுவது கருணையானது என்று அக்கால மருத்துவர்கள் பலர் நம்பினர். 175ஆம் பிரிவை நீக்கக் கோரிய விண்ணப்பத்தில் கிராஃப்ட்-எபிங்கும் கையெழுத்திட்டார்.

ஆனால் அந்தக் கருணை முழுமையானதாக இல்லை. நோய் என்ற பெயர் குற்றம் என்ற பெயரை அகற்றவில்லை, அதனுடன் சேர்ந்துகொண்டது. கணிதமேதை ஆலன் டூரிங்குக்கு 1952இல் நேர்ந்தது இதற்குத் தெளிவான சான்று. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. சிறைக்கு மாற்றாக ஹார்மோன் ஊசியை அவர் ஏற்க நேர்ந்தது. தண்டனையும் சிகிச்சையும் அங்கே ஒன்றாகிவிட்டன. 1954இல் அவர் இறந்தார். பிரித்தானிய அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2013இல்தான்.

நோயாளிகளை மட்டும் பார்த்த ஆய்வு

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1952இல் மனநோய்களுக்கான தனது முதல் கையேட்டை வெளியிட்டது. டி.எஸ்.எம். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அக்கையேட்டில் தன்பாலீர்ப்பு, சமூகத்தோடு ஒவ்வாத ஆளுமைக் கோளாறுகளின் கீழ் இடம்பெற்றது. 1968இல் வந்த இரண்டாம் பதிப்பு அதைப் 'பாலியல் பிறழ்வு' என்ற தலைப்பில் வைத்தது. சிக்மண்ட் பிராய்டு 1935இல் ஓர் அமெரிக்கத் தாய்க்கு எழுதிய மடலில், தன்பாலீர்ப்பு வெட்கப்படத்தக்கதன்று, அதை நோயாக வகைப்படுத்த இயலாது என்ற கருத்தைத் தெரிவித்திருந்தார். அவருடைய பெயரைச் சொல்லி வளர்ந்த அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர்கள் அதற்கு நேர்மாறான நிலையை எடுத்தனர்.

அவர்களது சான்றின் தன்மையைக் காண ஓர் எடுத்துக்காட்டு போதும். இர்விங் பீபரும் அவருடைய குழுவினரும் 1962இல் வெளியிட்ட ஆய்வு பெரும் செல்வாக்குப் பெற்றது. அதில் 106 தன்பாலீர்ப்பு ஆண்களும் 100 எதிர்பாலீர்ப்பு ஆண்களும் ஒப்பிடப்பட்டனர். அனைவரும் உளப்பகுப்பாய்வு சிகிச்சையில் இருந்தவர்கள். அவர்களைப் பற்றிய விவரங்களைத் தந்தவர்களும் அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களே. மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் அமர்ந்திருப்பவர்களை மட்டும் பார்த்து ஊரே நோயுற்றிருக்கிறது என்று முடிவு செய்வது போன்ற பிழை இது.

இப்பிழையை ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர் அதற்கு முன்பே சுட்டிக்காட்டியிருந்தார். சிகிச்சையில் இல்லாத 30 தன்பாலீர்ப்பு ஆண்களையும் 30 எதிர்பாலீர்ப்பு ஆண்களையும் அவர் தேர்ந்தெடுத்தார். வயது, கல்வி, நுண்ணறிவு ஆகியவற்றில் இருவர் இருவராகப் பொருத்தினார். ரோர்ஷாக் மைத்தடச் சோதனை உள்ளிட்ட உளவியல் சோதனைகளை நடத்தி, யாருடையது என்ற அடையாளம் இன்றி விடைகளைத் துறை வல்லுநர்களிடம் கொடுத்தார். எவர் எந்தப் பிரிவினர் என்பதை அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. இந்த முடிவு 1957இல் வெளியானது.

ஹூக்கரின் ஆய்வுக்கும் எல்லை உண்டு. எண்ணிக்கை சிறியது, பங்கேற்றவர்கள் தாமாக முன்வந்தவர்கள். தன்பாலீர்ப்பினர் அனைவரும் நலமாக உள்ளனர் என்று அதைக் கொண்டு நிறுவ முடியாது. ஆனால் எதிர்த்தரப்பின் கூற்று 'அனைவரும் நோயாளிகளே' என்பது. நலமாக உள்ள சிலரைக் காட்டினாலே அக்கூற்று விழுந்துவிடும். தர்க்கத்தின் இந்த எளிய படியை ஏற்க அத்துறைக்குப் பதினாறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

1973ஆம் ஆண்டின் முடிவு

1969 ஜூன் மாதத்தில் நியூயார்க்கின் ஸ்டோன்வால் விடுதியில் காவல்துறைச் சோதனைக்கு எதிராக எழுந்த கிளர்ச்சிக்குப் பின் தன்பாலீர்ப்பினர் இயக்கம் வலுப்பெற்றது. அடுத்த ஆண்டு முதல் உளமருத்துவச் சங்கத்தின் மாநாடுகளிலேயே எதிர்ப்புக் குரல் ஒலித்தது. 1972இல் டல்லாஸில் நடந்த மாநாட்டில் ஒரு மருத்துவர் முகமூடி அணிந்து, குரலை மாற்றும் ஒலிவாங்கியின் முன் பேசினார். தாம் ஓர் உளமருத்துவர் என்றும் தன்பாலீர்ப்பினர் என்றும் அவர் அறிவித்தார். ஜான் ஃபிரையர் என்ற அம்மருத்துவர் தம் பெயரை வெளிப்படுத்தப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு மருத்துவர் தம் சக மருத்துவர்களின் முன் முகத்தை மறைத்துக்கொள்ள நேர்ந்தது, அந்த நோய்ப்பெயர் விளைத்த தீங்கிற்கு வேறு சான்று தேவையில்லை என்பதைக் காட்டியது.

1973 டிசம்பர் 15 அன்று சங்கத்தின் அறங்காவலர் குழு தன்பாலீர்ப்பைப் பட்டியலிலிருந்து நீக்கத் தீர்மானித்தது. இதில் முக்கியப் பங்காற்றியவர் ராபர்ட் ஸ்பிட்சர். ஒரு நிலை மனநோயாகக் கருதப்பட வேண்டுமானால் அது பொதுவாகத் துன்பத்தைத் தர வேண்டும்; அல்லது சமூக வாழ்வில் செயல்படும் ஆற்றலைப் பொதுவாகக் குலைக்க வேண்டும் என்பது அவரது அளவுகோல். தன்பாலீர்ப்பு இவ்வளவுகோலுக்குள் அடங்கவில்லை.

இம்முடிவு அறிவியலை வாக்கெடுப்பால் தீர்மானித்த செயல் என்ற குற்றச்சாட்டு இன்றும் எழுப்பப்படுகிறது. 1974இல் உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடந்ததும், வாக்களித்தோரில் 58 விழுக்காட்டினர் நீக்கத்தை ஆதரித்ததும் உண்மையே. ஆனால் இரண்டு செய்திகள் மறக்கப்படுகின்றன. முதலாவது, அந்த வாக்கெடுப்பைக் கோரியவர்கள் நீக்கத்தை எதிர்த்தவர்களே. சார்லஸ் சோகரைட்ஸ் உள்ளிட்ட உளப்பகுப்பாய்வாளர்கள் அதற்காகக் கையெழுத்துத் திரட்டினர். இரண்டாவது, 1952இல் அப்பெயர் பட்டியலில் சேர்க்கப்பட்டதும் ஒரு குழுவின் முடிவால்தான். சேர்ப்பதற்குக் கேட்கப்படாத சான்றை நீக்குவதற்கு மட்டும் கேட்பது நடுநிலை ஆகாது.

பின்வாசல் வழியாக

நீக்கம் ஒரே நாளில் நிறைவடையவில்லை. 1973இலேயே 'பாலீர்ப்புக் குழப்பம்' என்ற மாற்றுப் பெயர் நுழைந்தது. 1980இல் வந்த மூன்றாம் பதிப்பில், தன் தன்பாலீர்ப்பை விரும்பாமல் வருந்துவோருக்கென ஒரு நோய்ப்பெயர் இடம்பெற்றது. எதிர்பாலீர்ப்பை விரும்பாமல் வருந்துவோருக்கு அத்தகைய பெயர் இல்லை. சமூகத்தின் வெறுப்பால் ஒருவர் வருந்தினால் மருந்து யாருக்குத் தேவை என்ற கேள்வி அங்கே எழுப்பப்படவில்லை. 1987இன் திருத்தப் பதிப்பில் அப்பெயர் நீக்கப்பட்டது.

உலக நலவாழ்வு அமைப்பு 1990 மே 17 அன்று ஏற்ற ஐ.சி.டி. பத்தாம் பதிப்பில் தன்பாலீர்ப்பை நோயாகக் குறிப்பிடவில்லை. அந்நாளே இன்று வெறுப்புக்கு எதிரான உலக நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆயினும் பாலீர்ப்பால் வருந்தும் நிலைக்கான தலைப்பு அப்பதிப்பிலும் நீடித்தது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்புதான் அதையும் அகற்றியது.

ஸ்பிட்சரின் பிற்காலச் செயலையும் இங்கே மறைக்கலாகாது. பாலீர்ப்பைச் சிகிச்சையால் மாற்ற இயலும் என்று சிலர் கூறியதை நம்பி, 200 பேரிடம் தொலைபேசியில் நேர்காணல் செய்து 2003இல் ஓர் ஆய்வை அவர் வெளியிட்டார். தம்மைப் பற்றித் தாமே சொன்னதைத் தவிர அதில் வேறு சான்று இல்லை. மாற்றுச் சிகிச்சையாளர்கள் அதை ஆயுதமாக்கினர். 2012இல் அவர் தம் தவற்றை ஒப்புக்கொண்டு தன்பாலீர்ப்பினரிடம் மன்னிப்புக் கேட்டார். நல்ல அளவுகோல் வகுத்தவரே அதை ஒருமுறை கைவிட்டார். பின்னர் பிழையைத் திருத்திக்கொள்ளும் நேர்மையும் அவரிடம் இருந்தது.

பாலின அடையாளம்: வேறொரு சிக்கல்

பாலின அடையாளத்தின் கதை சற்றே மாறுபட்டது. 1980இன் மூன்றாம் பதிப்பில் அது தனி நோயாக நுழைந்தது. 1994இன் நான்காம் பதிப்பு அதைப் 'பாலின அடையாளக் கோளாறு' என்றது. 2013இன் ஐந்தாம் பதிப்பு 'கோளாறு' என்ற சொல்லை நீக்கிப் 'பாலின மனவுளைச்சல்' என மாற்றியது. அடையாளம் நோயன்று, அதனால் எழும் துன்பமே கவனத்திற்குரியது என்பது இதன் பொருள். ஐ.சி.டி. பதினோராம் பதிப்பு 'பாலின இயைபின்மை' என்ற பெயரை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துப் பாலியல் நலம் சார்ந்த பகுதியில் வைத்தது.

முழுவதுமாக ஏன் நீக்கவில்லை? தன்பாலீர்ப்பினருக்கு அவர்களது ஈர்ப்பின் பொருட்டு மருத்துவம் எதுவும் தேவையில்லை. திருநர் பலருக்கு ஹார்மோன் சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ தேவைப்படுகிறது. பட்டியலில் பெயர் இல்லையெனில் காப்பீடும் அரசு மருத்துவ உதவியும் மறுக்கப்படக்கூடும். பெயர் இருந்தால் இழிவு. இல்லாவிட்டால் மருத்துவம் இல்லை. இந்த இக்கட்டுக்கு இடையில் காணப்பட்ட வழியே ஐ.சி.டி.யின் இடமாற்றம். மகப்பேறு நோயன்று, ஆயினும் மருத்துவ நூலில் அதற்கு இடமுண்டு. அதுபோல் இதையும் கருதலாம்.

இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவில் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு பிரித்தானியரால் கொண்டுவரப்பட்டது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம், அரவானியரை ஒத்த சமூகத்தினரில் ஐயத்திற்குரியோர் எனக் கருதியவர்களின் பெயரையும் உடைமையையும் பதிவேட்டில் ஏற்ற வகைசெய்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் திருநரின் தன்னறிவிப்பு உரிமையை ஏற்றது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தோரின் இசைவான உறவுக்கு 377 பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒரு சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, சமய மதிப்புகளோடு ஒத்துப்போகாமையைக் கொண்டு ஒருவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது. ஆனால் 2019இன் திருநர் சட்டம் அடையாளத்துக்கு மாவட்ட ஆட்சியரின் சான்றிதழைத் தேவையாக்கியது. தன்னறிவிப்பை ஏற்ற தீர்ப்புக்கு இது முரண் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு.

தமிழ்நாட்டின் பங்கு குறிப்பிடத்தக்கது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். இப்பொருளில் தமது அறியாமையை ஒப்புக்கொண்டு, தீர்ப்புக்கு முன் உளவியலாளரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக மதிப்பான சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. சொல் சிறிய செய்தியன்று. 'ஓரினச்சேர்க்கை' என்பது ஒரு செயலை மட்டும் சுட்டி மனிதரை மறைக்கிறது. 'தன்பாலீர்ப்பு' அன்பையும் உணர்வையும் சேர்த்துச் சொல்கிறது.

பாடநூல்கள் இந்த மாற்றத்தை எளிதில் ஏற்பதில்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மாற்றுச் சிகிச்சையைத் தொழில்நெறிப் பிறழ்வு என அறிவித்தது. அதே ஆணையம் 2024இல் வெளியிட்ட தடயவியல் மருத்துவப் பாடத்திட்டத்தில் பெண்களிடையிலான தன்பாலுறவு இயற்கைக்கு மாறான குற்றங்களுள் ஒன்றாக மீண்டும் இடம்பெற்றது. எதிர்ப்பு எழுந்தபின் சில நாள்களில் அது திரும்பப் பெறப்பட்டது.

மதிப்பீடு

உளமருத்துவம் தன் பிழையைத் திருத்திக்கொண்டது பாராட்டத்தக்கது. ஆனால் அத்திருத்தம் துறைக்குள்ளிருந்து மட்டும் வரவில்லை. நோயாளி எனப் பெயர் சூட்டப்பட்டவர்கள் எழுந்து பேசிய பிறகே, முன்னரே இருந்த சான்றுகள் படிக்கப்பட்டன. மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து கற்கவேண்டியது அறிவியலை ஐயுறுவதை அன்று. ஒவ்வொரு வகைப்பாட்டையும் மூன்று கேள்விகளால் சோதிப்பதை. யாரைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தார்கள்? துன்பம் அந்த நிலையிலிருந்து வருகிறதா, சுற்றியுள்ளோரின் நடத்தையிலிருந்து வருகிறதா? இந்தப் பெயர் அம்மனிதருக்கு உதவுகிறதா, அவரை ஒதுக்குகிறதா? 1952இல் இக்கேள்விகள் கேட்கப்பட்டிருந்தால், இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு மருத்துவர் முகமூடியோடு மேடையேற நேர்ந்திருக்காது.