நைட் மூவ்ஸ் (1975): கண்டுபிடிப்பது வேறு, தெரிந்துகொள்வது வேறு

ஆர்தர் பென் இயக்கிய 'நைட் மூவ்ஸ்' படத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. ஜீன் ஹேக்மன் தனியார் துப்பறிவாளராக வருகிறார் என்றதும் ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். முக்கால்வாசிப் படம் ஓடியும் கேஸ் என்னன்னே பிடிபடல. கடைசியில் மளமளவென்று பிணங்கள் விழுகின்றன. யார் யாரை எதற்காகக் கொன்றார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அப்பவும் கணக்கு இடித்தது. திரைக்கதை சொதப்பல் என்று ஒதுக்கிவிட்டேன்.

போன மாதம் மறுபடி பார்த்தேன், அடுத்தடுத்து ரெண்டு தடவை. சொதப்பல் என்று நான் நினைத்த இடத்தில்தான் படமே இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. கூடவே, முதல் தடவை கண்ணில் படாத ஒரு உண்மையான குறையும் தெரிந்தது. இரண்டையும் எழுதிவைக்கிறேன். முடிவு வரைக்கும் பேசப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாங்க.

கதை இப்படி. ஹாரி மோஸ்பி முன்னாள் கால்பந்து வீரர், அமெரிக்கக் கால்பந்து. இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் தனியாளாகத் துப்பறியும் தொழில். மார்க்கெட் போன நடிகை ஒருத்தி, ஓடிப்போன தன் 16 வயது மகள் டெல்லியைத் தேடித்தரச் சொல்கிறாள். பாசம் ஒன்றும் பொங்கி வழியவில்லை. மகள் பெயரில் இருக்கும் டிரஸ்ட் பணத்தில்தான் அம்மாவின் பிழைப்பு ஓடுகிறது, அதனால் மகள் வீட்டில் இருந்தாக வேண்டும். சினிமா சண்டைக்காரர்கள், மெக்கானிக் பையன் என்று விசாரித்துக்கொண்டே போய், ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் மாற்றாந்தந்தை டாமின் வீட்டில் டெல்லியைக் கண்டுபிடிக்கிறார் ஹாரி. அழைத்துவந்து அம்மாவிடம் ஒப்படைக்கிறார். கேஸ் முடிந்தது.

ஆனால் படம் முடியவில்லை. சில நாளில், சண்டைக்காட்சி படமெடுக்கும்போது நடந்த கார் விபத்தில் டெல்லி செத்துப்போகிறாள். அது விபத்துதானா? ஹாரி திரும்பவும் ஃபுளோரிடாவுக்குக் கிளம்புகிறார்.

இதற்கு நடுவில் ஹாரியின் வீட்டில் வேறொரு கேஸ் ஓடுகிறது. மனைவி எல்லன் ஒரு ராத்திரி பிரெஞ்சு இயக்குநர் எரிக் ரோமரின் படத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறாள். ரோமர் படமா, சுவத்துல அடிச்ச பெயின்ட் காயறதைப் பாக்குற மாதிரி இருக்கும் என்கிற தொனியில் தட்டிக்கழிக்கிறார். அப்புறம் தியேட்டர் பக்கம் போனால், அவள் இன்னொருவனோடு வெளியே வருவது கண்ணில் படுகிறது. இறங்கிப்போய் 'என்ன எல்லன் இது?' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பின்தொடர்கிறார், கார் நம்பரை வைத்து விலாசம் பிடிக்கிறார். சொந்த மனைவியையே ஒரு கேஸாக்கிவிடுகிறார். அந்த ஆளின் வீட்டுக்குள் நுழைந்து நிற்கும்போது அவன் சீண்டுகிறான்: சாம் ஸ்பேட் மாதிரி அடியேன் பார்க்கலாம் என்று. ஹாரி அடிக்கவில்லை. பழைய துப்பறியும் படங்களில் வரும் வீராப்பு இந்த ஆளிடம் இல்லை என்பது அவனுக்கும் தெரிகிறது, ஹாரிக்கும் தெரிகிறது.

என்னைத் திருப்பிப்போட்ட காட்சி அப்பாவைப் பற்றியது. சின்ன வயதில் பெற்றோர் கைவிட்டுப் போனவர் ஹாரி. வளர்ந்தபின் தன் திறமையையெல்லாம் போட்டு அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். போய்ப் பார்த்தால், பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிழவர் பேப்பரில் வந்த படக்கதையை வாசித்துக்கொண்டிருக்கிறார். ஹாரி சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். பேசாமல் திரும்பி வந்துவிட்டார். இதை அவர் எல்லனிடம் வெகுகாலம் கழித்துத்தான் சொல்கிறார்.

படத்தின் சாவி இங்கேதான் இருக்கிறது என்பது என் வாசிப்பு. ஹாரிக்கு ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியும். அதில் அவர் கெட்டிக்காரர். கண்டுபிடித்த ஆளின் முன்னால் போய் நின்று, அடுத்த கேள்வியைக் கேட்கத்தான் தெரியாது. அப்பா விஷயத்தில் அப்படி, எல்லன் விஷயத்தில் அப்படி, டெல்லி விஷயத்திலும் அப்படியே. அந்தப் பெண் ஏன் ஓடினாள், எதற்குத் திரும்பிப் போகிறாள், அங்கே அவளுக்கு என்ன காத்திருக்கிறது? இதில் எதையும் தீர விசாரிக்காமல் வாசலில் இறக்கிவிட்டு வருகிறார். அவர் காலடியிலேயே எல்லாத் தடயமும் கிடந்தது. கடலுக்கடியில் விழுந்து கிடந்த சின்ன விமானத்தையும் உள்ளே பிணத்தையும் டெல்லி பார்த்து அலறிய ராத்திரி, ஹாரியும் அந்தப் படகில்தான் இருந்தார். அதே ராத்திரி டாமின் துணைவி பவுலா அவரோடு படுக்கிறாள். அன்பு என்று ஹாரி நினைத்தது, அவரைத் திசைதிருப்பச் செய்த வேலை என்பது ரொம்பப் பிந்தித்தான் விளங்குகிறது.

இந்த இடத்தில் படத்தின் தலைப்பைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இரவுக்கான சொல்லும் சதுரங்கக் குதிரைக்கான சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கும். ஹாரி சின்னச் சதுரங்கப் பலகையைக் கூடவே வைத்துக்கொண்டு, 1922-இல் நடந்த ஒரு ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடிப்பார்ப்பார். கறுப்புக்காய் ஆடியவருக்கு ராணியைப் பலிகொடுத்து, குதிரையை மூன்று முறை நகர்த்தி ஜெயிக்க வழி இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, வேறு எதையோ நகர்த்தித் தோற்றார். அந்த ஆள் வாழ்நாள் முழுக்க வருந்தியிருப்பார் என்று பவுலாவிடம் சொல்கிறார் ஹாரி. யாரோ ஒருவரைப் பற்றித்தான் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் முதலில் குறை சொன்ன அவசர முடிவுக்கு வருகிறேன். பவுலா கடலுக்குள் இறங்கியிருக்கிறாள். ஹாரி கண்ணாடி அடித்தளம் வைத்த படகில். வானத்திலிருந்து ஒரு கடல் விமானம் வந்து சுடுகிறது, ஹாரிக்குக் காலில் குண்டு. விமானம் பவுலாவை மோதிக் கொல்கிறது, தானும் உடைந்து மூழ்குகிறது. ஓட்டிவந்தவன் யார்? படகின் கண்ணாடி வழியே கீழே பார்க்கிறார். நீருக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பது சினிமா சண்டைக்காரர் ஜோயி. ஹாரி நண்பராக நினைத்து நம்பிய ஆள். அவர் வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான் விடை: ஒரு முகம், நடுவில் கண்ணாடி, தண்ணீர், சத்தமே இல்லை. கேள்வி கேட்கும் காலம் போய்விட்டது. காயம்பட்ட ஹாரியோடு படகு வட்டமடித்துக்கொண்டே இருக்க, கேமரா மேலே விலகிப் போகிறது. படகின் பெயர் 'பாயின்ட் ஆஃப் வியூ'. கொஞ்சம் அழுத்திச் சொன்ன குறியீடுதான், இருந்துட்டுப் போகட்டும்.

பழங்காலச் சிலைக் கடத்தல்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது என்பது தெரிகிறது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? டெல்லி போய்விட்டாள். நான் தாளில் எழுதிப் பார்த்ததும் ஹாரி செய்த வேலைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

படம் 1973-இல் எடுக்கப்பட்டு 1975-இல் வெளியானது. நடுவில்தான் வாட்டர்கேட் விவகாரத்தில் நிக்சன் பதவி விலகினார். கென்னடி சுடப்பட்டபோது எங்கே இருந்தீங்க என்று பவுலா கேட்க, எந்தக் கென்னடி என்று ஹாரி திருப்பிக் கேட்கிறார். அந்தக் காலத்து அமெரிக்கச் சோர்வு இந்த ஒரு பதிலில் இருக்கிறது. உண்மை வெளியே வந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை உடைந்துபோன காலத்தின் துப்பறியும் படம் இது.

இனி குறை. டெல்லியைச் சுற்றியிருக்கும் ஆண்கள் எல்லோரும் அவளைப் பண்டமாகப் பார்க்கிறார்கள், மாற்றாந்தந்தை உட்பட. அதைப் படம் கண்டிக்கிறது. ஆனால் கேமரா என்ன செய்கிறது? அந்தப் பாத்திரத்தில் நடித்த மெலனி கிரிஃபித் படப்பிடிப்பின்போது 18 வயது நிரம்பாதவர். அவரை ஆடையில்லாமல் காட்டும் காட்சிகள் படத்தில் இருக்கின்றன. அப்போ அப்படித்தான் என்று கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை. ஒரு பெண்ணிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதைச் சொல்லவந்த படம், தானும் அவளைப் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கிறது. ஹாரியின் தவறைப் படம் புரிந்துவைத்திருக்கிறது, அதே தவறைச் செய்யவும் செய்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு இதைப் பார்க்கச் சொல்வேனா? சொல்வேன், இந்தக் குறையையும் சேர்த்துச் சொல்லித்தான். எழுத்தாளர் ஆலன் ஷார்ப், எடிட்டர் டீடீ ஆலன் இருவரும் காட்சிகளைச் சட்டென்று முடித்துவிடுகிறார்கள். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் யாராவது உண்மையைச் சொல்லியிருப்பார்களோ என்று நமக்கு அரிக்கிறது. ஹாரிக்கு அந்த அரிப்பு வருவதற்குள் படகு சுற்ற ஆரம்பித்துவிடுகிறது.

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தக் கிழவர் தலையைத் தூக்கிப் பார்த்தாரா என்று மட்டும் படம் சொல்வதில்லை. எனக்கு இன்னும் அதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது.