குளிரின் ருசி

டிசம்பரில் வியன்னாவில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதற்குள் ஊரையே பார்த்து முடித்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்களுக்காக எனக்கு வருத்தம்தான். ஸ்டெஃபான் தேவாலயத்தின் வண்ண ஓட்டுக் கூரையை அண்ணாந்து பாருங்கள். தெருமுனை அடுப்பில் சுட்ட செஸ்ட்நட்டைப் பொட்டலமாக வாங்கி, விரல்கள் சூடேறும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே போய்விடுங்கள். குளிர்கால வியன்னாவின் உச்சங்கள் கூரைக்குக் கீழேதான் இருக்கின்றன.

1891-இல் திறந்த கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓவியர் பீட்டர் ப்ரூகலின் அறை இருக்கிறது. அங்கே நான் நேராகப் போய் நிற்பது 'பனியில் வேடர்கள்' முன்னால். 1565-இல் மரப்பலகையில் தீட்டிய தைல ஓவியம். ஆண்டின் பருவங்களைச் சொல்லும் வரிசையில் எஞ்சியவை ஐந்து; மூன்று இந்த அறையிலேயே உள்ளன. மற்றவை ப்ராக்கிலும் நியூயார்க்கிலும்.

வேடர்கள் நமக்கு முதுகு காட்டி நடக்கிறார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்துக் கிடைத்தது ஒரே ஒரு நரி. நாய்கள் தலை தொங்கி வருகின்றன. இடப்பக்கம் விடுதியின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று சரிந்து தொங்குகிறது. அதன் கீழே வாசலில் தீ மூட்டியிருக்கிறார்கள், காற்றில் சுடர் ஒருபக்கமாகச் சாய்கிறது. கீழே பள்ளத்தாக்கில், உறைந்த குளத்தில் சனங்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். குளத்துப் பனிக்கட்டிக்கும் வானத்துக்கும் ப்ரூகல் ஒரே சாம்பல்பச்சையைத்தான் தந்திருக்கிறார். அந்த நிறம்தான் எலும்புவரை குளிர்கிறது. ஆனால் அந்தச் சின்னத் தீயைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள்: குளிரின் கூர்மையே போய்விடும். அனலை ஓரத்தில் ஒரு துளி வைத்துத்தான் முழுப் பலகையையும் உறையவைத்திருக்கிறார்.

வெளியே வந்தால் பத்து நிமிட நடையில் 1880-இல் தொடங்கிய கஃபே ஷ்பெர்ல். பில்லியர்ட்ஸ் மேசைகள், மரச்சட்டத்தில் கோத்த செய்தித்தாள்கள். மெலாஞ்ச் என்ற பால் காபி கேட்டால் உலோகத் தட்டில், ஒரு டம்ளர் தண்ணீரோடு வரும். ஒரு காபிக்கு எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். இந்த ஊரின் மிகப் பெரிய நாகரிகம் இதுதான் என்பேன்.

காபிக்குத் துணை ஆப்பிள் ஸ்ட்ரூடல். ஸாகர் டார்ட் என்ற சாக்லேட் கேக்கின் புகழ் பெரிது, எனக்கு அது கொஞ்சம் வறட்சி. ஸ்ட்ரூடலின் கலை மாவில் இருக்கிறது. எண்ணெய் சேர்த்துப் பிசைந்து ஊறவிட்ட மாவை மேசைத்துணிமேல் போட்டு, புறங்கைகளை அடியில் கொடுத்து, கிழியாமல் இழுத்துக்கொண்டே போவார்கள். வீச்சுப் பரோட்டாவைப் போலத்தான், ஆனால் அதைவிட மெலிசு. அடியில் வைத்த செய்தித்தாளைப் படிக்க முடிய வேண்டும் என்பது அங்கே சமையல்காரர்களின் கணக்கு. மேலே வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூள், அதன்மேல் புளிப்பு ஆப்பிள், திராட்சை, லவங்கப்பட்டை. துணியைத் தூக்கினால் மாவு தானே சுருண்டுகொள்ளும். அந்த ரொட்டித்தூள் ஒப்புக்குப் போட்டதல்ல. ஆப்பிள் விடும் சாற்றை அது குடித்துக்கொள்வதால்தான் மேலேடு நொறுநொறுப்பாகவே நிற்கிறது.

இளஞ்சூட்டில் கேளுங்கள். க்ரீம் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்; முதல் கடியில் புளிப்பும் வெண்ணெய் வாசமும் தனித்தனியே நாக்கில் பட வேண்டும்.