ரோட்டரி காருக்கு எந்த ஆக்டேன்? நானே சொன்ன ஓர் அறிவுரையைப் பிரித்துப் பார்த்தபோது

பல வருஷங்களுக்கு முன்னால் கலிஃபோர்னியாவில் என்னோடு ஒரே டீமில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்றை வாங்கினார். வாங்கின வாரமே என்னிடம் வந்து கேட்டார்: "இதுக்கு 87 போடலாமா, 91 போடணுமா?"

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் எதையாவது படித்து வைத்திருப்பவன் என்று ஆபீஸில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டுமே! "ரோட்டரிக்கு 87தான் நல்லது. இதுல நாக்கிங் வராது. ஆக்டேன் கூடினா பெட்ரோல் மெதுவா எரியும், முழுசா எரியாது, கரி படியும், சீல் போயிடும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். எங்கே படித்தேன் என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. ரோட்டரி கார் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் காலங்காலமாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் அது.

இரண்டு வருஷம் கழித்து அதே நண்பர் 1993 மாடல் ஆர்எக்ஸ்-7 வாங்கினார். இரட்டை டர்போ வைத்த கார். "நீங்க அன்னிக்குச் சொன்ன மாதிரி இதுக்கும் 87தானே?" என்று அவர் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நல்லவேளை, போடுவதற்கு முன்னால் கேட்டார். அன்று ராத்திரி உட்கார்ந்து என் அறிவுரையை நானே வரி வரியாகப் பிரித்துப் பார்த்தேன். அப்போது எழுதி வைத்த குறிப்புகள்தான் இவை.

அந்த அறிவுரையில் மூன்று தனித்தனிக் கூற்றுகள் இருக்கின்றன. ஒன்று, ரோட்டரி எஞ்சினில் நாக்கிங் வராது. இரண்டு, ஆக்டேன் கூடினால் எரிபொருள் மெதுவாக எரியும். மூன்று, அதனால் கரி படிந்து எஞ்சின் கெடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இரண்டாவதில் இருந்து தொடங்குவது வசதி.

ஆக்டேன் எதை அளக்கிறது?

ஐசோ-ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, நார்மல்-ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு பெட்ரோலின் எண் 95 என்றால், சோதனை எஞ்சினில் அது 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை அளவுக்கு நாக்கிங்கைத் தாங்குகிறது என்று பொருள். அதாவது, ஸ்பார்க்கில் இருந்து கிளம்பிய தீ வந்து சேர்வதற்கு முன்னால், அழுத்தத்தாலும் சூட்டாலும் மிச்சக் கலவை தானாகவே பற்றி வெடிக்காமல் எவ்வளவு தூரம் பொறுத்திருக்கும் என்பதுதான் அளவு. தீ எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை இந்தச் சோதனை அளப்பதே இல்லை.

இரண்டும் வேறு வேறு குணங்கள் என்பதற்கு எத்தனாலே சாட்சி. அதன் ரிசர்ச் ஆக்டேன் 108-ஐ ஒட்டி இருக்கிறது, ஐசோ-ஆக்டேனைவிட அதிகம். ஆனால் எத்தனாலில் தீ பரவும் வேகமும் ஐசோ-ஆக்டேனைவிட அதிகம்தான். ஆக்டேன் கூடினால் மெதுவாக எரியும் என்பது விதியாக இருந்தால் இது நடக்கவே கூடாது. ஆக, இரண்டாவது கூற்று தவறு. அரைகுறைத் தவறுகூட இல்லை. ஒன்றை அளந்துவிட்டு அதற்கு இன்னொன்றின் பெயரைச் சூட்டியது.

நாக்கிங் வராதா?

முதல் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இது இத்தனை வருஷம் செல்லுபடியாகிறது.

பிஸ்டன் எஞ்சினில் ஒரே இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. புதுக் கலவை உள்ளே வந்ததும் தணலாய்ச் சுட்டுக் கிடக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்குப் பக்கத்திலேயே அமுக்கப்படுகிறது. ரோட்டரியில் அப்படி இல்லை. உறிஞ்சுவது ஒரு பக்கம், எரிப்பது இன்னொரு பக்கம். ரோட்டர் சுற்றச் சுற்றக் கலவை இடம் மாறிக்கொண்டே போகிறது. உறிஞ்சும் பக்கம் ஒப்பீட்டளவில் குளிர்ந்தே இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு என்ற சாமானே கிடையாது. எளிதில் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் ஹைட்ரஜனை எரிக்க ரோட்டரி தோதானது என்று மாஸ்டா கருதியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆர்எக்ஸ்-8 ஹைட்ரஜன் கார்களை 2006-இல் ஜப்பானில் லீசுக்குக்கூட விட்டார்கள். முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7, டர்போ இல்லாமல், சாதாரண ரெகுலர் பெட்ரோலிலேயே நிம்மதியாக ஓடியது.

மறுபாதியைத்தான் நாம் சொல்வதில்லை. ரோட்டரியின் எரியும் அறை நீளமான, தட்டையான பிறை வடிவம். தீ அதன் ஒரு முனையில் இருந்து மறு முனைக்குப் போய்ச்சேர நேரம் எடுக்கும். அதனால்தான் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கிறார்கள். 1991-இல் லீ மான்ஸ் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரின் நான்கு ரோட்டர் எஞ்சினில் ரோட்டருக்கு மூன்று. தீ கடைசியாகப் போய்ச்சேரும் பின்முனையில் எரியாத கலவை காத்துக்கொண்டிருக்கிறது. அழுத்தம் அளவோடு இருந்தால் அது பொறுத்திருக்கும். டர்போவால் காற்றை அமுக்கித் திணித்தால் பொறுக்காது.

பொறுக்காமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். பிஸ்டன் எஞ்சின் லேசான நாக்கிங்கைக் கொஞ்ச காலம் சத்தம் போட்டுக்கொண்டே சமாளித்துவிடும். ரோட்டரியின் மூன்று முனைகளிலும் இருப்பது ஏபெக்ஸ் சீல் என்ற மெல்லிய உலோகப் பட்டை. ஆர்எக்ஸ்-8-இல் அதன் அகலம் 2 மில்லிமீட்டர். டர்போ எஞ்சினில் பலமான அடி ஒன்று விழுந்தாலே அது உடையலாம். உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கீறிவிட்டு எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும். போகிற வழியில் டர்போவையும் பதம் பார்க்கும். அதன் பிறகு எஞ்சினைப் பிரிக்காமல் வேறு வழியில்லை.

ஆகவே சரியான வாக்கியம் இது: டர்போ இல்லாத ரோட்டரியில் நாக்கிங் வருவது அரிது, எந்த ரோட்டரியிலும் அது வந்தால் சேதம் பெரிது. நான் முதல் பாதியை மட்டும் சொல்லி, "டர்போ இல்லாத" என்ற வார்த்தையையும் விழுங்கியிருந்தேன். நண்பர் வாங்கிய ஆர்எக்ஸ்-7-இன் கம்ப்ரஷன் ரேஷியோ 9.0. ஆர்எக்ஸ்-8-க்கு 10.0. இந்த எண்களை மட்டும் பார்த்தால் ஆர்எக்ஸ்-7-க்குத்தான் குறைந்த ஆக்டேன் போதும் என்று தோன்றும். டர்போ கொண்டுவரும் அழுத்தம் அந்த 9.0 என்ற எண்ணுக்குள் இல்லை என்பது தெரியாவிட்டால், கணக்குப் போட்டே எஞ்சினைக் கெடுக்கலாம்.

கரி எங்கே இருந்து வருகிறது?

மூன்றாவது கூற்று இரண்டாவதன் தோளில் ஏறி நிற்கிறது. அது விழுந்தால் இதுவும் விழ வேண்டும். ஆனால் ரோட்டரியில் கரி படிவது உண்மைதானே? உண்மைதான். காரணம் வேறு. ஏபெக்ஸ் சீல்களுக்கு மசகு வேண்டும் என்பதற்காக இந்த எஞ்சின் தன் ஆயிலையே கொஞ்சம் கொஞ்சமாக எரியும் அறைக்குள் செலுத்துகிறது. அந்த ஆயிலும் சேர்ந்துதான் எரிகிறது. அதோடு சூடேறுவதற்கு முன்பே நிறுத்திவிடும் குட்டிப் பயணங்கள், எப்போதும் தாழ்ந்த ஆர்.பி.எம்.மில் ஓட்டுவது, சோர்ந்துபோன இக்னிஷன் காயில்: இவையெல்லாம் கரியைக் கூட்டும். 91-இல் இருந்து 87-க்கு மாறினால் இவற்றில் ஒன்றுகூட மாறப்போவதில்லை.

எதிர்முகாமையும் சும்மா விடக்கூடாது. "பிரீமியம் போட்டா எஞ்சின் சுத்தமா இருக்கும்" என்பவர்களும் ஆக்டேனை வேறொன்றோடு குழப்புகிறார்கள். சுத்தம் செய்வது டிடர்ஜென்ட் என்ற தனிச் சேர்மானம். அமெரிக்காவில் டாப் டியர் முத்திரை வாங்கும் கம்பெனி, ரெகுலர் உட்பட எல்லா கிரேடிலும் அதைக் கலந்தாக வேண்டும். விலை கூடுதல் என்பதால் பெட்ரோலில் சக்தியும் கூடுதல் என்ற நம்பிக்கைக்கும் இதே கதிதான். எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் இருக்கும் ஆக்டேன் சும்மா உள்ளே போய்ச் சும்மா வெளியே வரும்.

இரண்டு 91-கள்

மேனுவலைப் பார்த்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். அங்கே இன்னொரு பொறி இருக்கிறது. ஆர்எக்ஸ்-8-இன் அமெரிக்க மேனுவல், 91 அல்லது அதற்கு மேல் போட்டால் கார் சிறப்பாக ஓடும், 87 முதல் 90 வரை போடலாம், ஆனால் செயல்திறன் சற்றுக் குறையும் என்கிறது. அமெரிக்க பம்ப்பில் எழுதியிருப்பது ரிசர்ச், மோட்டார் என்ற இரண்டு சோதனை எண்களின் சராசரி. ஜப்பான், ஐரோப்பா, வளைகுடா நாடுகள், இந்தியா எல்லாம் ரிசர்ச் எண்ணை மட்டுமே சொல்கின்றன. சராசரியைவிட அது நாலைந்து புள்ளி அதிகமாக இருக்கும். மேனுவல் சொல்லும் 91 என்பது ரிசர்ச் கணக்கில் 96. மேனுவலின் 87 என்பது ரிசர்ச் கணக்கில் 91.

துபாயில் ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர் இணையத்தில் அமெரிக்க மேனுவலைப் படித்துவிட்டு "91 போட்டாச்சு, மேனுவல் சொன்னபடிதான்" என்று நிம்மதியாக இருந்தால், அவர் போட்டது அமெரிக்காவின் 87. சிபாரிசு அல்ல, சகிப்பின் கடைசிப் படி. ஜப்பானின் தர நிர்ணயத்தில் ரெகுலருக்குக் குறைந்தபட்சம் 89, ஹைஆக்டேனுக்கு 96, இரண்டுமே ரிசர்ச் எண். அமெரிக்க மேனுவலின் கடைசிப் படியைவிட ஜப்பானிய ரெகுலரின் வரம்பு கீழே. அங்கே ஆர்எக்ஸ்-8-க்கு ஹைஆக்டேன் என்று குறிப்பிட்டிருப்பதில் ஆச்சரியம் இல்லை. அமெரிக்காவிலேயே கொலராடோ போன்ற மலைப்பிரதேசங்களில் 85 என்று ஒரு ரெகுலர் விற்கிறது. அது மேனுவல் அனுமதிக்கும் வரம்புக்கு வெளியே.

"நான் பத்து வருஷமா 87தான் போடறேன்"

இந்த வாதத்துக்கு என்ன பதில்? புரோக்ராமராக எனக்கு இது நன்றாகப் பழக்கமான வாதம். "என் மெஷின்ல ஓடுதே!" ஆர்எக்ஸ்-8-இல் நாக் சென்சார் இருக்கிறது. குறைந்த ஆக்டேனில் நாக்கிங் தலைகாட்டினால் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிச் சமாளிக்கும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் இழுவை குறையும், அவ்வளவுதான். அவர் கார் தப்பித்ததற்கு அந்த ஏற்பாட்டைப் பாராட்ட வேண்டுமே தவிர 87-ஐ அல்ல. "87-க்கு மாறினதும் கார் ஸ்மூத் ஆயிடுச்சு" என்பவரிடம் அந்த மாதம் வேறென்ன மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிளக், காயில், ஆயில் எல்லாம் மாற்றியிருப்பார். மூன்று மாற்றங்களை ஒரே கமிட்டில் போட்டுவிட்டு எதனால் பிழை போனது என்று சொல்ல முடியாது.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி எளிது: ஒரே பங்க், ஒரே ரோடு, ஏறத்தாழ ஒரே வெயில், ஒரு கிரேடுக்கு மூன்று டேங்க், ஓ.பி.டி. கருவியில் இக்னிஷன் டைமிங்கைப் பதிவு செய்யுங்கள். இரண்டு கிரேடிலும் டைமிங் ஒன்றுபோலவே இருந்தால் கூடுதல் காசு வீண். வித்தியாசம் தெரிந்தால் வீண் இல்லை. இந்தச் சோதனை டர்போ இல்லாத, சென்சார் உள்ள காருக்கு மட்டும். டர்போ காரில் செய்து பார்க்க வேண்டாம்.

இப்போது கேட்டால்

டர்போ இல்லாத பழைய ஆர்எக்ஸ்-7-க்கு மேனுவல் ரெகுலர் என்றால் ரெகுலரே போதும். ஆர்எக்ஸ்-8-க்கு ரிசர்ச் 96 நல்லது. 91-க்குக் கீழே இறங்காதீர்கள். டர்போ ரோட்டரிக்கு அந்த ஊரில் கிடைக்கும் பிரீமியம், பேச்சே கிடையாது.

கவனித்தால், நான் முதலில் ஆர்எக்ஸ்-8-க்குச் சொன்ன 87 மேனுவலின் வரம்புக்குள்தான் இருந்தது. நண்பரின் கார் அதனால் கெடவும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. விடை ஏறக்குறைய ஓடிவிட்டதால் காரணம் தவறு என்பது இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த காருக்கு அவர் எடுத்துக்கொண்டு போனது என் விடையை அல்ல, என் காரணத்தை.

அந்த ஆர்எக்ஸ்-7 அன்றிலிருந்து 91-இல்தான் ஓடியது. கணக்கில் எங்காவது பிசகியிருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். டைமிங் பதிவு செய்து பார்த்தவர்கள் இருந்தால் அந்த எண்களையும் அனுப்புங்கள்.