திறந்த மடலும் ஒரு சிறுமியும்

வல்லுறவு வழக்குகளில் நீதி கேட்டுப் பிரச்சாரம் தொடங்க நினைக்கும் மாணவிகளிடம் நாம் முன்மாதிரியாக நீட்டுவது, 1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடலை. பலமுறை படித்திருக்கிறேன். இன்றும் சூடு ஆறாத எழுத்து.

1972இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் ஓர் ஆதிவாசிச் சிறுமி வல்லுறவுக்கு ஆளானாள். உடலில் காயமில்லை, கூச்சலிடவில்லை என்று சொல்லி 1978இல் உச்ச நீதிமன்றம் இரு காவலர்களையும் விடுவித்தது. பணிந்துபோவது வேறு, சம்மதம் வேறு என்று மடல் அந்தத் தர்க்கத்தின் அடியிலேயே கைவைத்தது. 1980 மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடந்த உறவு நிரூபணமாகி, சம்மதிக்கவில்லை என்று பெண் சாட்சி சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றே தொடங்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதும் குற்றமானது.

அந்தத் திருத்தத்துக்குக் காரணமான வழக்கோ இன்றுவரை அவள் பெயராலேயே வழங்குகிறது. (இங்கே நான் அதை எழுதப்போவதில்லை.) அவளுக்கு எதிரான தீர்ப்பும் மாறவில்லை.

மடலைக் குறைசொல்ல எனக்குத் தயக்கம்தான். அவளுடைய வயதையும் வறுமையையும் அது மறக்கவில்லை. ஆனால் அது மேல்நோக்கி, நீதிபதியைப் பார்த்துப் பேசுகிறது. ஒரு மடலுக்கு அது போதும். பிரச்சாரத் திட்டத்துக்கு அது போதாது: அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலேயே இப்படியொரு மடலை எழுதி முடித்துவிடலாம்.

நம் பக்கத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூனில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து தருமபுரி மாவட்டத்து அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் அவர்களோடு நின்றது. அந்தப் பெண்களே சாட்சி சொன்னார்கள். 215 பேர் குற்றவாளிகள் என்ற தீர்ப்பு வர 2011 ஆயிற்று. பத்தொன்பது வருடம்! வாய்தாவுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும், பிள்ளையை யாரிடமாவது விட்டுப்போக வேண்டும், கோர்ட் வாசலில் எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் பார்த்த பிரச்சாரத் திட்டங்களில் ஊர்வலத் தேதி இருக்கும். இவற்றுக்கு ஒரு வரிகூட இருக்காது.

2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தபோது, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் இழப்பீடு கொடு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூல் செய், வேலையோ சுயதொழிலோ ஏற்படுத்திக் கொடு என்று அரசுக்கு உத்தரவிட்டது. பிழைப்பைப் பற்றிய உத்தரவு வரும்போது அந்தப் பெண்களுக்கு முப்பத்தொரு வயது கூடியிருந்தது.