விவிலிய மௌனமும் வாழவந்தியின் மௌனமும்: டொரதி கிளார்க் வில்சனின் எழுத்துப்பணி குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றாகிய வாழவந்தி நாடு, கிறித்தவச் சமயப்பணி வரலாற்றில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் இணையரின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. 1913இல் மணம் முடித்து மலையேறிய இவ்விருவரின் பணியையும், 1914இல் அம்மலையில் பிறந்து, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளர்க்குக் கைச்சீரமைப்பு அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்ற மகன் பால் பிராண்டின் வாழ்வையும் பரவலாக அறியச் செய்தவை இரண்டு ஆங்கில நூல்கள். ஒன்று 'டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்' (1965). மற்றொன்று 'கிரானி பிராண்ட்' (1976). இரண்டையும் எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் டொரதி கிளார்க் வில்சன் (1904-2003). மருத்துவப்பணி வரலாற்றில் ஈடுபாடு கொண்டோர் இந்நூல்களைச் சான்றாகக் கையாளும்போது, இவற்றின் ஆசிரியர் அடிப்படையில் ஒரு விவிலியப் புனைகதையாளர் என்பது எளிதில் மறக்கப்பட்டுவிடுகிறது. அம்மறதியால் வாழவந்தி மக்களின் வரலாற்றில் எது விடுபடுகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

புனைகதையாளரின் முறை

திருச்சபைகளில் நடிப்பதற்குரிய சமய நாடகங்களை எழுதிப் பயின்றவர் வில்சன். இயேசுவின் உடன்பிறந்தாராகக் கருதப்படும் யாக்கோபைப் பற்றிய 'தி பிரதர்' (1944), ஆமோஸ் இறைவாக்கினரைப் பற்றிய 'தி ஹெர்ட்ஸ்மன்' (1946), மோசேயின் இளமையைப் பற்றிய 'பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' (1949), 'ஜெசபெல்' (1955) ஆகியன அவர்தம் விவிலிய நாவல்களுள் சில. இவற்றுள் 1949ஆம் ஆண்டு நாவலே அவருடைய எழுத்துமுறையை விளக்கப் பெரிதும் உதவுகிறது.

விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தில், பத்தாம் வசனத்தில் குழந்தை மோசே பார்வோன் மகளிடம் ஒப்படைக்கப்படுகிறான். பதினொன்றாம் வசனத்தில் அவன் வளர்ந்த ஆடவன். இடைப்பட்ட அரண்மனை ஆண்டுகளைப் பற்றி மூலநூல் வாய்திறக்கவில்லை. இரண்டு வசனங்களுக்கு இடையிலுள்ள இந்த வெற்றிடத்தில்தான் வில்சன் தம் நாவலை எழுப்பினார். செசில் பி. டிமில் இயக்கிய 'தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்' (1956) திரைப்படம் தன் மூலங்களாகக் குறிப்பிடும் நாவல்களுள் இதுவும் ஒன்று. அப்படத்தின் தொடக்கத்தில் டிமில் திரைச்சீலையின் முன் தோன்றி, மோசேயின் வாழ்வில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளை விவிலியம் சொல்லாது விடுவதையும், அதனை நிரப்பப் பைலோ, ஜோசிபஸ் போன்ற பழைய ஆசிரியர்களை நாடியதையும் வெளிப்படையாகக் கூறுகிறார். படத்தின் ஆடம்பரத்தை எள்ளி நகையாடுவோர் உண்டு. எனினும், தான் எதனை நிரப்புகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் அந்நேர்மையை அவர்களும் மறுத்தற்கில்லை.

தமிழ் வாசகர்க்கு இம்முறை புதிதன்று. நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. அவரை வளன் என்னும் காப்பியத் தலைவராக்கி 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார் வீரமாமுனிவர். காப்பியம் என்னும் வடிவமே இங்கு வாசகரை எச்சரித்துவிடுகிறது. நாட்டுப் படலமும் நகரப் படலமும் கற்றவர் எவரும் வளனின் உரையாடலைப் பதிவுச் சான்றாகக் கொள்வதில்லை. வில்சனின் பிற்கால நூல்களில் அவ்வகை எச்சரிக்கை இல்லாததே சிக்கல்.

மலைக்கு வந்த நாவல்

'டாக்டர் ஐடா' (1959) தொடங்கி வில்சன் வாழ்க்கை வரலாற்றின் பக்கம் திரும்பினார். பொருள் மாறியது, முறை மாறவில்லை. குடும்பக் கடிதங்களையும் நினைவுகளையும் அடித்தளமாகக் கொண்டு, அவற்றின்மேல் காட்சிகளையும் உரையாடல்களையும் உள்ளத்து எண்ணங்களையும் அமைத்துச் செல்வது அவர் வழக்கம். படிக்கச் சுவையானது, வேலூர் மருத்துவ நிறுவனத்தின் பெயர் தொலைநாடுகளில் பரவியதில் இச்சுவைக்குப் பங்குண்டு. ஆயின் கடிதம் எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதை வாசகர் பிரித்தறிய இயலாது.

பிராண்ட் குடும்ப வரலாற்றில் பெயர்பெற்ற ஒரு நிகழ்ச்சி இதனை நன்கு காட்டும். தொழுநோயுற்ற மூவர் ஒருநாள் தந்தையிடம் மருத்துவம் நாடி வருகின்றனர். அவர்களை நெருங்கலாகாது என்று குழந்தைகள் தடுக்கப்படுகின்றனர். சிறுவன் பால் அச்சத்தோடு பார்த்து நிற்கிறான். பின்னாளில் அதே நோயாளரின் கைகளைத் தொட்டுச் சீரமைத்த மருத்துவரின் கதையில் இது முன்னறிவிப்பாகிவிடுகிறது. நாணற்பேழையில் மிதக்கும் குழந்தையைக் காணும்போதே செங்கடலை நினைவுறுத்தும் விவிலிய நாவலின் உத்தியும் இதுவே. முடிவை அறிந்தவரே தொடக்கத்தை எழுதுகிறார். இதில் பாலுக்கு இழப்பில்லை. ஆனால் அம்மூவர் எந்த ஊரினர், மருத்துவம் பெற்றபின் எங்குச் சென்றனர் என்பதைக் கேட்கக் கதைக்குத் தேவையே எழவில்லை. சிறுவனின் பிற்கால வாழ்வுக்குக் குறியீடாக நின்றதோடு அவர்கள் பணி முடிந்துவிடுகிறது.

பூசாரி நிகழ்ச்சி இதனினும் ஆழ்ந்த சிக்கலுடையது. பிராண்ட் இணையரை எதிர்த்துவந்த மலைப் பூசாரி ஒருவர், முதல் உலகப்போரின் முடிவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் இறக்கும் தறுவாயில், தம் பெண்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். சமயப்பணி வரலாறுகள் இதனை மலைமக்களின் மனமாற்றத்துக்குரிய திருப்புமுனையாகக் காட்டுகின்றன. நிகழ்ச்சியை நான் ஐயுறவில்லை. பூசாரியின் மனத்துள் நிகழ்ந்ததாகக் கொள்ளப்படுவதே ஐயத்துக்குரியது. தெய்வங்கள் கைவிட்டதால் புதிய தெய்வத்தை நாடினார் என்பது ஒரு விளக்கம். வீடுதோறும் நோயாளிகள் கிடந்த காலத்தில், துணிந்து உள்ளே வந்து உணவும் நீரும் கொடுத்த கைகளை ஒரு தந்தை நம்பினார் என்பதும் விளக்கமே. மலையாளிப் பழங்குடியினரின் உறவுமுறையில் அக்குழந்தையின்மேல் யார்க்கு உரிமை இருந்தது, அவர்கள் உயிரோடிருந்தனரா என்னும் வினாக்களுக்கு விடை தெரியாமல் முதல் விளக்கத்தை மட்டும் வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. மோசேயின் அரண்மனை ஆண்டுகளை நிரப்பியதுபோலவே பூசாரியின் மௌனமும் நிரப்பப்பட்டுள்ளது. மோசே மறுத்துரைக்க வாரார். பூசாரியின் வழியினர் இன்றும் மலையில் இருக்கக்கூடும்.

பிறர் உவமையாக ஒரு மலை

இக்குறையை மேலைநாட்டவர் தலையில் மட்டும் சுமத்துவதும் முறையன்று. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் கொல்லிப்பாவை தலைவியின் அழகுக்கு உவமையாகவே வருகிறாள். எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவையாகக் கருதும் மரபு மலையில் உண்டு. அங்கு அவள் உவமையல்லள், வழிபடப்படும் தெய்வம். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்றும், மூன்று உடன்பிறந்தார் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் மலையாளிகள் தம் தோற்றக்கதையைத் தாமே சொல்லிவருகின்றனர். அக்கதையில் கொல்லிமலை வந்து தங்கிய வீடு. பணி வரலாறுகளிலோ அது வெள்ளையர் இருவர் ஏறிய பிறகே தொடங்கும் களம்.

வில்சனின் நூல்களை ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. நரம்புச் சிலந்தி நோயைத் தடுக்க ஜெஸ்ஸி கிணறுகளுக்குக் கற்சுவர் எழுப்பியது, 1929இல் கருநீர்க் காய்ச்சலால் அவர் இறந்தது, இங்கிலாந்தில் பயின்றுகொண்டிருந்த மகனுக்கு இறப்புச் செய்தி எட்டிய பின்னும் கப்பல்வழித் தந்தையின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தது போன்ற செய்திகள் உறுதியானவை. முதுமையில் பணிநிறைவு பெற்ற பின்னும் ஈவ்லின் மலைக்குத் திரும்பி உழைத்து, 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்து, கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டதும் அவ்வாறே. இத்தகைய செய்திகளை ஒருபுறமும், உரையாடல்களையும் உள்ளத்து எண்ணங்களையும் மறுபுறமும் வைத்து இந்நூல்களைப் பிரித்துப் படித்தல் ஆய்வாளரின் முதற்பணி. அடுத்த பணி களத்தில் உள்ளது. அக்கற்சுவர்க் கிணறுகளில் எவை எஞ்சியுள்ளன? அவற்றுக்கு ஊரார் இட்ட பெயர் என்ன? கொள்ளைக் காய்ச்சல் ஆண்டைப் பற்றி வாழவந்தியின் முதியோர் தம் பாட்டிமாரிடம் கேட்டவை யாவை? பூசாரியின் குழந்தையைப் பற்றி அவ்வீட்டார் சொல்லும் கதை எது? இவற்றைக் கேட்டறியச் செம்மேட்டில் இறங்கி ஊர் ஊராக நடக்க வேண்டும்.