ஒரே கட்டளை, பல பாணிகள்

ஹவுன்ஸ்லோ வெஸ்ட்டில் பிக்காடிலி ரயில் ஏறுகிறவர்களிலும், ஆஸ்டர்லியில் ஸ்கை வளாகத்துக்குப் பேருந்து பிடிக்கிறவர்களிலும் மென்பொருள் வேலை பார்க்கும் நம்மவர்கள் உண்டு. எல்லோரும் தட்டும் கட்டளைகளும் புழங்கும் சொற்களும் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆனால் சங்கீதத்தைப் போல இங்கும் பாணிக்குப் பாணி பொருள் மாறும்.

நிரல் கட்டும் கருவிகளில் மூத்த பாணி மேக். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அதில் 'டார்கெட்' என்பது பெரும்பாலும் உருவாக வேண்டிய கோப்பு. பின்னால் வந்த குனு ஆட்டோகான்ஃபில், கம்பைலர் எந்த இயந்திரத்துக்காகக் குறிமுறை தருகிறதோ அந்த இயந்திரமே டார்கெட். ரஸ்ட்டின் கார்கோவிலோ அது ஓர் அடைவின் பெயரும்கூட.

லினக்ஸ் பக்கம் டெபியன்காரர்கள் 'ஏப்ட் அப்டேட்' என்றால் பொதிப் பட்டியல்தான் புதிதாகும். நிறுவிய மென்பொருள் அப்படியே இருக்கும். அதை மாற்ற 'அப்கிரேட்' வேண்டும். ஃபெடோராவின் டிஎன்எஃப்பில் இரண்டும் ஒன்றே. மேக் கணினியின் ஹோம்ப்ரூ டெபியன் வழியில்தான் போகிறது; ஆனால் முன்கூட்டியே கட்டிவைத்த பொதிக்குப் 'பாட்டில்', அவை குடியிருக்கும் இடத்துக்குச் 'செல்லார்' என்று மதுக்கடையே விரித்துவிட்டது. குறும்புதான், புதியவர் பாடு திண்டாட்டம்.

எனக்கு அதிகம் உறுத்துவது ஜாவாக்காரர்களின் மேவன். 'எம்விஎன் இன்ஸ்டால்' என்று தட்டினால் 'பில்ட் சக்சஸ்' என்று பச்சையில் வரும். ஓட்டிப் பார்க்கப் புதிதாக எதுவும் கணினியில் ஏறியிருக்காது; கட்டிய ஜார் கோப்பின் ஒரு பிரதி, நம் வீட்டு அடைவில் புள்ளி-எம்2 என்ற மறைவான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும், அவ்வளவே. 'டிப்ளாய்' என்றால் சர்வரில் ஏறிவிட்டது என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மகிழ்ந்துபோவார்கள். அது போய்ச் சேர்வதோ தொலைவிலுள்ள பொதிக் களஞ்சியத்துக்கு.

ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் என்பிஎம்மில் பொதியின் பெயர் சொல்லாமல் 'இன்ஸ்டால்' என்றால், திட்டம் சார்ந்திருக்கும் பொதிகளெல்லாம் இறங்கும். அவற்றின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பும் சில வேளை மாறும். அது மாறக் கூடாது என்பவர்களுக்காக 2018இல் 'என்பிஎம் சிஐ' வந்தது. கார்கோவில் இன்ஸ்டால் என்பது ஓடும் நிரல்களுக்கு மட்டுமே. நூலகம் சேர்க்க 'ஆட்' என்று தனிக் கட்டளை.

தரம் பார்த்தால் என் ஓட்டு டெபியனுக்கே: இரண்டு வேலை, இரண்டு சொல். நாளை புதுக் கருவி எழுதப்போகும் நம் இளைஞர்களே, 'இன்ஸ்டால்' என்று பெயர் வைத்தால் எதை எங்கே வைக்கிறது என்பதை உதவிப் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.